பிடுங்கிய பல்லின் குழியும் கொலாஜென் படலமும்

பல் பிடுங்கும் நாளில் யாரும் எலும்பைப் பற்றிப் பேசுவதில்லை. வலி போனால் போதும் என்று நாற்காலியில் சாய்கிறோம். பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கிலும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் வளர்ந்த மூத்த தலைமுறைக்குப் பல் மருத்துவம் என்றாலே பிடுங்குவதுதான். சொத்தை வந்தால் பிடுங்கு, ஆடினால் பிடுங்கு, நாலைந்து போன பிறகு பல் செட்டு. அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் வேறு வேலைகளில் இருக்கிறார்கள். பல் போன இடத்தில் இம்ப்லாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் டைட்டானியம் வேர், வைத்துக்கொள்ள ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்கக்கூடியவர்களும் அவர்களிடையே உண்டு. ஆனால் பல் போய்ப் பல ஆண்டுகள் கழித்துக் கிளினிக்குக்குப் போகிறவர்களில் பலர் முதலில் கேட்பது ஒரே பதில்: "எலும்பு போதவில்லை."

அந்தப் பதிலைத் தவிர்க்கும் வழியாக இன்று பல் மருத்துவர்கள் முன்வைப்பவற்றில் ஒன்று கொலாஜென் என்ற புரதத்தாலான படலம். பல்லைப் பிடுங்கிய கையோடு குழியில் எலும்புத் தூளை நிரப்பி, அதன்மேல் ஒரு மெல்லிய படலத்தை விரித்து மூடித் தைத்துவிடுவார்கள். சில மாதம் கழித்து அங்கே இம்ப்லாண்ட். அல்லது பிடுங்கிய குழியிலேயே அன்றே இம்ப்லாண்டை இறக்கி, ஓரத்து இடைவெளியைத் தூளாலும் படலத்தாலும் காப்பார்கள். இதன் பின்னால் அறுபது, எழுபது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. விளம்பரத் தாள்களில் இருக்கும் உறுதி மட்டும் ஆய்வுகளில் இல்லை.

முதலில் எலும்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தாடையில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு பல்லை நம்பி வாழ்வது. குழியின் உட்சுவராக இருக்கும் மெல்லிய அடுக்கில்தான் வேரைக் கட்டிவைக்கும் நார்கள் செருகியிருக்கும். பல் போனால் நார்களுக்கு வேலையில்லை, அந்த அடுக்குக்கும் வேலையில்லை. உடல் அதைக் கரைத்துவிடுகிறது. மேல் முன்பற்களில்தான் இது கண்ணுக்குத் தெரியும் கேடாகிறது. அங்கே உதட்டுப் பக்கச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு 1 மில்லிமீட்டர் கனம்கூட இராது. அதில் பெரும்பங்கு இந்த அடுக்காகவே இருப்பதால் சுவரே இல்லாமல் போகிறது. ஈறு உள்வாங்கி, உதட்டுக்கு மேலே ஒரு பள்ளம் விழுகிறது. மவுரிசியோ அராவுஜோவும் யான் லிண்டேயும் 2005ல் வெளியிட்ட நாய்களிலான ஆய்வு, எட்டே வாரத்தில் இது நடந்து முடிவதைத் திசுச் சீவல்களில் காட்டியது.

மனிதர்களில் அளந்து பார்த்தவர்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் டென்மார்க்கின் லார்ஸ் ஷ்ராப். 2003ல் வெளிவந்த அவருடைய குழுவின் ஆய்வில் 46 பேரின் கடைவாய்ப் பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் பிடுங்கப்பட்ட இடங்களை ஓராண்டு தொடர்ந்து அளந்தார்கள். சராசரியாக 12 மில்லிமீட்டர் அகலமிருந்த தாடை விளிம்பு 5.9 மில்லிமீட்டராகச் சுருங்கியது. இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. சாதாரண இம்ப்லாண்டின் விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். அதற்கு இரு பக்கமும் குறைந்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு வேண்டும். ஆக 5.9 என்பது எல்லைக்கோட்டில் நிற்கும் எண். அதுவும் சராசரிதான், சிலருக்கு இன்னும் மோசம். டான் வா லே முதலியோர் 2012ல் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய மதிப்பாய்வு, ஆறு மாதத்தில் அகலத்தில் 29 முதல் 63 விழுக்காடும் உயரத்தில் 11 முதல் 22 விழுக்காடும் குறைவதாகக் கணக்கிட்டது. தீபாவளி முடியட்டும், போனஸ் வரட்டும் என்று நாம் தள்ளிப்போடும் மாதங்களில்தான் இந்தக் கரைதல் நடக்கிறது.

குழி ஆறும்போது அங்கே இடம்பிடிக்க இருவகை உயிரணுக்கள் முந்துகின்றன. ஈற்றிலிருந்து வருபவை வேகமானவை. எலும்பை உண்டாக்குபவை மெதுவானவை. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தில் ரப்பர்க் கன்று வேர்பிடிக்கும் முன்னே லாலாங் புல் பரவிவிடும். எந்த உயிரணு முதலில் வந்து சேர்கிறதோ அதைப் பொறுத்தே ஆறும் திசு அமையும் என்று 1976ல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் எழுதினார். அப்படியானால் வேகமானதைத் தடுத்து நிறுத்தினால் என்ன? ஸ்வீடனில் ஸ்டூரே நைமனும் கூட்டாளிகளும் 1982ல் ஒரு மனிதப் பல்லைச் சுற்றித் தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். 1988ல் கிறிஸ்டர் டாலின் குழு எலிகளின் கீழ்த்தாடையில் இரு பக்கமும் துளையிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் டெஃப்லான் படலத்தால் மூடியது. ஆறு வாரத்தில் மூடிய பக்கம் எலும்பால் நிறைந்தது. மூடாத பக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தடுப்புப் படலத்தை வைத்து எலும்பை வளர்ப்பது என்ற முறை இப்படித்தான் நிலைபெற்றது.

அன்று கையிலிருந்த டெஃப்லான் வகைப் படலத்தில் இரண்டு தொல்லைகள். அது கரையாது, ஆகவே எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். தையல் பிரிந்து படலம் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டால் கிருமி குடியேறி, வைத்ததெல்லாம் வீணாகும். 1997ல் நிக்கோலா சிட்ஸ்மன் குழுவினர் 25 நோயாளிகளிடம் இம்ப்லாண்டைச் சுற்றி எலும்பு குறைந்த இடங்களில் இரண்டையும் ஒப்பிட்டார்கள்: ஒரு பக்கம் டெஃப்லான் வகை, மறு பக்கம் கொலாஜென். கொலாஜென் பக்கத்தில் குறையின் 92 விழுக்காடு எலும்பால் நிரம்பியது. மறு பக்கத்தில் 78. டெஃப்லான் வைத்த இடங்களில் 44 விழுக்காட்டில் காயம் பிரிந்தது அல்லது படலத்தை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கொலாஜென் பல் மருத்துவத்தில் வேரூன்றியதற்கு இது போன்ற முடிவுகளே காரணம்.

அந்தக் கொலாஜென் எப்படிப்பட்ட பொருள் என்று உலகுக்குச் சொன்ன இடம் சென்னை. ஏ. லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்தபோது, 1952ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். வயது ஏறக்குறைய முப்பது. சென்னைக்கு வந்திருந்த இங்கிலாந்து அறிவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜெனின் கட்டமைப்பை இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜென்தானே. அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரை எக்ஸ்ரேயில் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. 1955ல் அதைத் திருத்தி, அந்த மூன்று இழை முறுக்கே மேலும் முறுக்கேறியிருப்பதாகக் காட்டினார். ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் சில நுணுக்கங்களில் மறுத்தார்கள். கருத்துப் போர் நடந்தது. மூவிழை முறுக்கு என்ற அடிப்படை நிலைத்தது. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு இன்றைக்கும் 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றுதான் பெயர்.

இது வெறும் பெருமைக் கதையன்று. அந்த முறுக்கில்தான் படலத்தின் குணம் முழுவதும் இருக்கிறது. இறுக்கமான மூவிழைக் கயிறு சாதாரணச் செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாது. அதற்கெனவே அமைந்த கொலாஜனேஸ் என்ற நொதி வெட்டினால்தான் அவிழும். ஆறும் திசுவில் அந்த நொதி மெதுவாக வேலை செய்வதால் படலம் சில வாரம் தாக்குப்பிடித்துவிட்டுத் தானே கரைகிறது, எடுக்க அறுவை வேண்டாம். வாயில் உள்ள சில கிருமிகளும் அதே நொதியைச் சுரக்கின்றன. அதனால்தான் ஈறு திறந்து படலம் வெளியே தெரிந்தால் அது விரைந்து கரைந்துபோகிறது. இழைகளை ரசாயனத்தால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் படலம் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் பிணைப்பு கூடக் கூடத் திசு அதை ஏற்றுக்கொள்வதும் ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைவதும் தாமதமாகின்றன. இதனால் பிணைக்காத படலமா, பிணைத்ததா என்று மருத்துவர்களிடையே இன்னும் இரண்டு கட்சி உண்டு. பிடுங்கிய குழிக்குப் பிணைக்காததே பெரும்பாலும் போதும் என்பதே என் வாசிப்பில் தெரியும் முடிவு. எலும்பு முழுதாகக் காணாமல் போன பெரிய இடங்களுக்கு வேறு கணக்கு.

நாற்காலியில் நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பலன் பெரும்பாலும் பொருளில் இல்லை, கையில் இருக்கிறது. பல்லை ஆட்டி ஆட்டி, குழியை விரித்துப் பிடுங்குவது பழைய வழக்கம். எலும்பைக் காக்க நினைக்கும் மருத்துவர் மெல்லிய தகடு போன்ற கருவியால் வேரைச் சுற்றியுள்ள நார்களை அறுத்து, தேவையானால் வேரைத் துண்டாக்கி, வெளிச்சுவர் மேல் அழுத்தம் போகாமல் எடுப்பார். இதற்கு நேரமாகும். பிறகு குழியில் இருக்கும் சீழ்த் திசுவைச் சுரண்டிச் சுத்தம் செய்வார். இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். அடுத்து ஓர் அளவுகோலை உள்ளே விட்டு வெளிச்சுவர் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். நியூயார்க்கில் நிக்கோலஸ் எலியனும் டென்னிஸ் டார்னோவும் மற்றவர்களும் 2007ல் எழுதிய எளிய வகைப்பாடு இந்தத் தடவலில்தான் தொடங்குகிறது: ஈறும் சுவரும் நன்றாக இருந்தால் முதல் வகை, ஈறு இருந்தும் உள்ளே சுவர் ஒரு பகுதி உடைந்திருந்தால் இரண்டாம் வகை, இரண்டுமே போயிருந்தால் மூன்றாம் வகை. இரண்டாம் வகைதான் ஏமாற்றும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதற்கு அவர்கள் சொன்ன வழி, படலத்தைக் கூம்பாக வெட்டி, அதன் கூர்முனையைக் குழிக்குள் உடைந்த சுவர் இருந்த பக்கமாகச் செருகி, உள்ளே தூளை நிரப்பி, அகன்ற மேல்பகுதியை மடித்துக் குழியின் வாயை மூடித் தைப்பது. ஈற்றைக் கிழித்துத் திறக்க வேண்டியதில்லை.

படலத்துக்கு இரண்டு முகம் உண்டு. வழவழப்பான முகம் ஈற்றுப் பக்கம், சொரசொரப்பானது எலும்புப் பக்கம். மாற்றி வைத்தால் தடுப்பு வேலை குறையும். ஓரங்களை ஈற்றுக்கு அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் செருகிக் குறுக்குத் தையல் போடுவார்கள். ஈற்றை இழுத்துவந்து முழுதாக மூட வேண்டுமா என்பதில் கருத்து மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கட்டாயம் என்றார்கள். அப்படி இழுத்தால் கன்னத்துப் பக்கமுள்ள கெட்டியான ஈறு குறைந்து, இம்ப்லாண்டைச் சுற்றித் துலக்குவதற்கு ஏற்ற ஈறு இல்லாமல் போகிறது. இப்போது பலரும் படலத்தின் நடுப்பகுதியைத் திறந்தே விடுகிறார்கள். சில வாரத்தில் ஈறு தானே வளர்ந்து மூடிக்கொள்கிறது. அதன்பின் இம்ப்லாண்டுக்கு நான்கு முதல் ஆறு மாதக் காத்திருப்பு.

காத்திருக்க விரும்பாதவர்களுக்கு அன்றே இம்ப்லாண்ட் என்கிறார்கள். டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதை 1950களில் முயல்களில் கவனித்து, 1965ல் முதல் நோயாளிக்குப் பொருத்திய பெர்-இங்வார் பிரானமார்க் இவ்வளவு அவசரக்காரர் அல்லர். குழி நன்றாக ஆறட்டும், இம்ப்லாண்ட் ஈற்றுக்கு அடியில் மாதக்கணக்கில் தூங்கட்டும் என்பது அவர் வகுத்த வழி. ஜெர்மனியின் டூபிங்கனில் வில்ஹெல்ம் ஷூல்ட்டே 1970களில் பிடுங்கிய குழியிலேயே பொருத்தத் தொடங்கினார். 1989ல் ரிச்சர்ட் லசாரா அப்படிப் பொருத்தியதைத் தடுப்புப் படலத்தால் மூடும் முறையை எழுதினார். குழியில் இம்ப்லாண்ட் இருந்தால் எலும்பு கரையாது என்ற நம்பிக்கை அப்போது பரவியது. 2004, 2005ல் வந்த ஆய்வுகள் அதைக் கலைத்தன: டானியேலே பொட்டிசெல்லி மனிதர்களிலும், அராவுஜோ நாய்களிலும் காட்டியது ஒன்றுதான், இம்ப்லாண்ட் வைத்தாலும் வெளிச்சுவர் கரைகிறது. இம்ப்லாண்ட் வேரின் வடிவில் இல்லை, குழியைவிடச் சிறியது; இடைவெளி விழும். அது 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தூள் நிரப்புவது இன்று பரவலான வழக்கம். சுவர் முழுதாக இருந்தால் படலம் இல்லாமலே பலர் முடித்துவிடுகிறார்கள். சுவர் உடைந்திருந்தால் அன்றே பொருத்துவதைவிட, ஈறு ஆற நான்கு முதல் எட்டு வாரம் விட்டு, பிறகு இம்ப்லாண்டும் தூளும் கொலாஜென் படலமுமாகச் செய்வதே பாதுகாப்பு என்பது ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் டானியல் பூசர் வளர்த்த வழி. முன்பல் விஷயத்தில் எனக்கு அதில்தான் நம்பிக்கை. 'ஒரே நாளில் பல்' என்ற பலகையைப் பார்த்து உள்ளே நுழைகிறவர், தன் குழி அதற்குத் தகுதியானதா என்று யார் தடவிப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இனிக் கணக்கு. குழியில் தூளும் படலமும் வைப்பதால் மிஞ்சுவது எவ்வளவு? குஸ்தாவோ அவிலா-ஓர்ட்டிஸ் குழு 2019ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, வெறுமனே பிடுங்கி விட்டதோடு ஒப்பிட்டால் அகலத்தில் சராசரியாக 1.99 மில்லிமீட்டரும், வெளிச்சுவரின் நடு உயரத்தில் 1.72 மில்லிமீட்டரும் காப்பாற்றப்படுகின்றன. 2021ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மதிப்பாய்வு இன்னும் கறாரானது: அகலத்தில் 1.18, உயரத்தில் 1.35 மில்லிமீட்டர். அதோடு, இந்தச் சான்றின் நம்பகத்தன்மை மிகக் குறைவு என்றும் அது சொன்னது. பின்னாளில் கூடுதல் எலும்பு வேலை தேவைப்படுவதையோ இம்ப்லாண்ட் தோல்வியையோ இது குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வுகள் சிறியவை. ஒரு தூளுக்கும் இன்னொரு தூளுக்கும், ஒரு படலத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரிய வேற்றுமையும் தெரியவில்லை. விலையில் மட்டும் தெரிகிறது.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்பது அற்பமா? மேல் முன்பல்லில் அற்பமில்லை. மெல்லிய சுவரும், சிரித்தால் ஈறு தெரியும் உதடும் உள்ளவருக்கு அந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான் பல் இயற்கையாகத் தெரிவதற்கும் நீண்டு தெரிவதற்கும் உள்ள தூரம். மேல்தாடையின் பின்பகுதியிலும் பொருளுண்டு. சைனஸ் அறை கீழே இறங்கிவிட்டால் பிறகு பெரிய அறுவை வேண்டும். ஆனால் கீழ்த்தாடையின் கடைவாயில், நான்கு பக்கமும் கனமான சுவர் இருக்கும் குழியில், மூன்று நான்கு மாதத்தில் இம்ப்லாண்ட் வைக்கும் திட்டமும் இருந்தால், ரத்தக் கட்டியே தன் வேலையைச் செய்துகொள்ளும். அங்கே படலம் போடுவது பெரும்பாலும் ரசீதை நீட்டும் வேலை. இம்ப்லாண்டே வேண்டாம், பல் செட்டுப் போதும் என்றிருப்பவருக்கும் இது தேவையில்லை.

எந்த விலங்கு என்ற கேள்விக்கு வருவோம். மேற்கத்தியப் பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். சிரம்பானில் முடியாது. உலகச் சந்தையில் அதிகம் விற்கும் படலங்களில் ஒன்றான பயோ-கைட் பன்றிக் கொலாஜென். ஸ்விட்சர்லாந்தின் கைஸ்ட்லிக் நிறுவனம் செய்வது. அதே நிறுவனத்தின் பயோ-ஆஸ் எலும்புத் தூள் மாட்டெலும்பு. புரதத்தையெல்லாம் நீக்கி, தாதுப் பகுதியை மட்டும் விட்டது. பயோமெண்ட் என்ற படலம் மாட்டின் குதிகால் தசைநாரிலிருந்து வருகிறது. முஸ்லிம் நோயாளிக்குப் பன்றி ஆகாது என்பது நம் நாட்டில் எல்லா மருத்துவருக்கும் தெரியும், கேட்காமலே தவிர்ப்பார்கள். பன்றியைத் தவிர்க்கும் கிளினிக்கின் அலமாரி மாட்டுப் பொருளால் நிரம்புவது இயல்பு. மாட்டிறைச்சி தொடாத இந்து நோயாளியின் தாடைக்குள், அவரைக் கேட்காமலே, அதுதான் போகிறது. கெட்ட எண்ணம் யாருக்குமில்லை. "ஹலாலா?" என்று கேட்கும் பழக்கம் கிளினிக்கில் வந்துவிட்டது, "மாடா?" என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

வாயால் உண்பதும் மருந்தாக உடலில் வைப்பதும் ஒன்றல்ல என்று வாதிடலாம். பலர் அப்படியே எண்ணி ஏற்றுக்கொள்கிறார்கள். உயிருக்கு வேறு வழியில்லாதபோது சமயங்களும் விலக்கு அளிக்கின்றன. ஆனால் பல் குழி உயிர் போகும் அவசரமன்று. மாற்றுகளும் இருக்கின்றன. சென்னையின் யூகேர் நிறுவனம் மீன் கொலாஜெனிலிருந்து 'பெரியோகால்' என்ற படலத்தைச் செய்கிறது. இது மாட்டையும் பன்றியையும் ஒருசேரத் தவிர்க்கிறது. பிரான்சின் ஜோசஃப் ஷுக்ரூன் 2001ல் அறிமுகப்படுத்திய முறையில், நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்துச் சுழற்றி, அதில் திரளும் ஃபைப்ரினை அழுத்திப் படலமாக்குகிறார்கள். அது விரைவில் கரையும், தடுப்பாக நெடுநாள் நிற்காது. சிறிய குழிக்குப் போதும், விலையும் குறைவு. முழுக்கச் செயற்கையான படலங்களும் உண்டு. எலும்புத் தூளில் நம் நாட்டுப் பொருளே இருக்கிறது: மலேசியச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து செய்யும், ஹலால் சான்றிதழ் பெற்ற 'கிரானுமாஸ்'. 2019ல் மலேசியா மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி ஹலால் தரநிலையும் வெளியிட்டது. அது முஸ்லிம் நோயாளியின் கேள்விக்குப் பதில் சொல்கிறது. மாடு வேண்டாம் என்பவருக்கு ஹலால் முத்திரை எதையும் சொல்லாது.

சட்டம் நோயாளியின் பக்கம்தான். 2006 டிசம்பரில் ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், சிகிச்சையின் அபாயங்களை எந்த அளவுக்குச் சொல்வது என்பதை மருத்துவர் வழக்கம் தீர்மானிக்க முடியாது, நோயாளி முடிவெடுக்கத் தேவையானதைச் சொல்லியாக வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அந்த வழக்கு முதுகெலும்பு அறுவை பற்றியது. படலத்தின் விலங்கு 'அபாயம்' ஆகுமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஒருவர் தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்றால், அதை முன்பே சொல்வது மருத்துவரின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. 'எலும்பு வளர மருந்து வைக்கிறோம்' என்ற ஒரு வரி ஒப்புதல் ஆகாது.

நம்மவர்களிடம் படலம் தோற்பதற்கு விலங்கைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: இனிப்பு நீர். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை காயத்தை ஆறவிடாது, தையல் பிரியும், படலம் திறந்து கரையும். கட்டுப்பாட்டில் இருந்தால் இம்ப்லாண்ட் தாராளமாக வைக்கலாம். ஆகவே மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்க்காமல் குழியில் தூள் நிரப்பும் மருத்துவரிடம் நான் வாயைத் திறக்கமாட்டேன். புகை அடுத்தது. வெற்றிலை பாக்கு இன்னொன்று. தோட்டத்து மூத்த பெண்கள் பலரிடம் நீடித்த பழக்கம் அது. பாக்கினால் கன்னத்துச் சதை இறுகி வாய் திறப்பே குறைந்துபோனால் பின்பல் பக்கம் கருவியே நுழையாது. எலும்புத் தேய்மானத்துக்கென மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பல்லைப் பிடுங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு.

ரஹாங் வட்டாரத்தில் இருப்பவருக்கு நடைமுறை வழி எது? அரசாங்கப் பல் கிளினிக்கில் பிடுங்குவது மலிவு; அங்கே குழியைக் காக்கும் இந்தக் கூடுதல் வேலையை எதிர்பார்க்க முடியாது. இம்ப்லாண்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், பிடுங்குவதையே இம்ப்லாண்ட் வைக்கப்போகும் தனியார் மருத்துவரிடம் செய்துகொள்வது செலவானாலும் சரியான வழி. பல்லை ஓரிடத்தில் எடுத்துவிட்டு எட்டு மாதம் கழித்து இன்னோரிடத்தில் எலும்பு கட்டுவதைவிட அது மலிவு. பல்லைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியும் அதற்கு முன் இருக்கிறது. வேர்ச் சிகிச்சையும் உறையும் போட்டு இன்னும் பத்தாண்டு ஓட்டக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு, அதன் குழிக்கு உலகத்தின் சிறந்த படலத்தை வைப்பது புத்திசாலித்தனமன்று.

பிடுங்கும் தேதி குறிக்கும்போதே மருத்துவரிடம் கேளுங்கள்: இந்தப் பல்லின் வெளிச்சுவர் எப்படி இருக்கிறது, படலம் இல்லாமல் விட்டால் எனக்கு என்ன இழப்பு, வைக்கப்போகும் தூளும் படலமும் எந்த விலங்கு, வேறு எது கையிருப்பில் இருக்கிறது, மொத்தச் செலவில் அதற்கு எவ்வளவு. பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் சிகிச்சை அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.